இடைச்செருகல்: படத்துக்கும் கண்ணுக்கும் நடுவே புகுந்த மென்பொருள்

பலமுறை பார்த்த படம் ஒன்றை, புதிதாக வாங்கிய தொலைக்காட்சியில் ஓர் இரவு மறுபடி போட்டேன். அதன் வசனங்கள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். எந்த இடத்தில் இசை நின்று மௌனம் தொடங்கும், எந்த இடத்தில் நாயகி திரும்பிப் பார்ப்பாள் என்பதெல்லாம் உடம்பில் ஊறிய படம். பத்து நிமிடம் ஓடியிருக்கும், ஏதோ உறுத்தத் தொடங்கியது. நடிகர்கள் நடிக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. வீடு வீடாக இல்லை. விளக்குகள் பொருத்திய படப்பிடிப்புத் தளமாகத் தெரிந்தது. கேமரா நகரும்போது எண்ணெய் தடவிய தரையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. காட்சி மிகமிகத் தெளிவு. அந்தத் தெளிவுக்குள் நான் அறிந்த படத்தைக் காணவில்லை. அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் கொண்டாடிய படம் இவ்வளவுதானா என்ற கசப்போடு படுக்கப் போனேன்.

அந்தப் படத்துக்கு நான் அன்று அநியாயம் செய்துவிட்டேன். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில், ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு அடுக்கு உள்ளே போனால், அசைவுகளைச் சீராக்கும் வசதி என்று ஒன்று இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் அது தானாகவே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சில நாட்கள் கழித்து வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. அணைத்துவிட்டு அதே காட்சியை ஓட்டினேன். வீடு வீடாயிற்று. நாயகி திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பழகிய அந்தப் பார்வை திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு படம் பார்க்கும்போதும் சரி, ஒரு புதிய மென்பொருளை நிறுவும்போதும் சரி, ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. இப்போது திரையில் தெரிவதை முடிவுசெய்தவர் யார்? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போய்த் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொலைக்காட்சி என்ன செய்துகொண்டிருந்தது என்பது. திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம்களாக, அதாவது 24 அசையாத தனிப் படங்களாக, எடுக்கப்படுகின்றன. இன்றைய திரைகளோ நொடிக்கு 60 முறை அல்லது 120 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. 24ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு பிரேமை 3 முறை, அடுத்ததை 2 முறை என்று மாற்றி மாற்றிக் காட்டித்தான் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் தெரியும் சிறு திக்கலுக்கு இதுவே காரணம். 120 என்றால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு பிரேமையும் 5 முறை காட்டினால் கணக்கு நேராக முடிந்துவிடும். ஆனால் தொலைக்காட்சிக்குள் இருக்கும் மென்பொருள் அதோடு நிற்பதில்லை. அடுத்தடுத்த 2 பிரேம்களை எடுத்துச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் பிரேமில் இங்கே இருந்த கை இரண்டாவதில் எங்கே போயிருக்கிறது என்று தேடுகிறது. போன தூரத்தைப் பங்கிட்டு, இடையில் அந்தக் கை எங்கெங்கே இருந்திருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகங்களைப் புதிய பிரேம்களாக வரைந்து நடுவில் வைக்கிறது.

120 முறை புதுப்பிக்கும் திரையில் இது முழு அளவில் இயங்கினால், ஒவ்வொரு அசல் பிரேமுக்குப் பின்னாலும் 4 ஊகப் பிரேம்கள் வந்து நிற்கும். 2 மணி நேரப் படத்தில் படைப்பாளிகள் தந்தவை 1,72,800 பிரேம்கள். ஊகத்தில் பிறந்து சேர்பவை 6,91,200. அன்றிரவு என் கண்முன் ஓடியதில் ஐந்தில் நான்கு பங்கை எந்த ஒளிப்பதிவாளரும் எடுக்கவில்லை, எந்தப் படத்தொகுப்பாளரும் பார்க்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: இடைச்செருகல். மூலநூலின் செய்யுள்களுக்கு நடுவே பிற்காலத்தவர் தாமே பாடிச் சேர்த்த செய்யுள்களைப் பதிப்பாசிரியர்கள் அப்படி அழைத்தார்கள். சேர்த்தவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சேர்த்தார்கள் என்று சொல்ல முடியாது. கதை ஓரிடத்தில் தாவுவதாக ஒருவருக்குப் பட்டிருக்கும், நிரப்பியிருப்பார். அடுத்த தலைமுறை வாசகருக்கு எது மூலவர் பாட்டு, எது நிரப்பியவர் பாட்டு என்று பிரித்தறிய முடியாமல் போனதுதான் கேடு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, பாடபேதங்களைத் தேடிக் குறித்துவைத்த உழைப்பை நினைத்துப் பார்க்கிறேன். தெரிந்த 2 புள்ளிகளுக்கு நடுவே தெரியாத மதிப்பைக் கணித்து நிரப்புவதையும் கணிதத் தமிழில் இடைச்செருகல் என்றே சொல்கிறார்கள். சுவடிக்குச் சொன்ன பொருளும் கணக்குக்குச் சொன்ன பொருளும் என் தொலைக்காட்சிக்குள் ஒன்றாகிவிட்டன.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது வலுவானது என்பதால் அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 24 என்ற எண்ணில் அப்படி என்ன இருக்கிறது, வெறும் பழக்கம்தானே என்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம் பேசுவது உண்மை. பேசாப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சி மாறியது. 1920களின் பிற்பகுதியில் ஒலி வந்து சேர்ந்தது. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலி சீரான வேகத்தில் ஓடாவிட்டால் குரல் இழுக்கும் அல்லது கீச்சிடும். ஒலி தெளிவாகக் கேட்கவும் வேண்டும், படச்சுருள் வீணாகவும் கூடாது என்ற இழுபறியில் 24 நிலைத்தது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள் என்பதால், நிமிடத்துக்கு 90 அடி சுருள் ஓடும். ஆகவே இது கணக்குப் பிள்ளைகளும் ஒலிப் பொறியாளர்களும் சேர்ந்து முடிவுசெய்த எண்தான். தொலைக்காட்சித் தொடர்கள் பல காலம் வீடியோவில், நொடிக்கு 50 அல்லது 60 அரைப்படங்களாகப் பதிவானதால், மிகச் சீரான அசைவைப் பார்த்ததும் நம் மனம் அதைத் தொடர் நாடகத்தோடு சேர்த்துவிடுகிறது. பழக்கத்தின் பங்கை நான் மறுக்கவில்லை.

ஆனால் பழக்கத்தில் பிறந்த ஒன்றைக் கலைஞர்கள் நூறு ஆண்டுகள் கையாண்டால் அது மொழியாகிவிடுகிறது. நொடிக்கு 24 பிரேம், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 48இல் ஒரு பங்கு நொடி வெளிச்சம் என்பது ஒளிப்பதிவின் பொது வழக்கம். ஓடும் மனிதனின் கை அந்த நேரத்துக்குள் நகர்ந்த தூரம் படத்தில் மெல்லிய மங்கலாகப் பதியும். அந்த மங்கலும், பிரேமுக்குப் பிரேம் இருக்கும் இடைவெளியும் சேர்ந்துதான் திரையில் நடப்பதை நம் அன்றாடத்திலிருந்து ஓரடி தள்ளி வைக்கின்றன. அந்த ஓரடித் தொலைவுக்குள்தான் கதை நிற்கிறது என்பது என் அனுபவம்.

இதை எனக்கு ஐயமில்லாமல் காட்டியது, உலகம் முழுவதும் குழந்தைகளும் பெரியவர்களும் கொண்டாடிய ஓர் அனிமேஷன் படம்: 2018 டிசம்பரில் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’. அனிமேஷன் கலைஞர்கள் இரண்டு வகையாக வேலை செய்வார்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் உருவத்தின் நிலையை மாற்றினால் நொடிக்கு 24 நிலைகள் கிடைக்கும். அசைவு வழுவழுப்பாக இருக்கும். ஒரே நிலையை 2 பிரேம்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 நிலைகள். அசைவில் ஒரு வெட்டு, ஒரு துடிப்பு வரும். இந்தப் படத்தில் சிறுவன் மைல்ஸ் இன்னும் வித்தை கற்காத பருவத்தில் 12 நிலைகளில் அசைகிறான். பனிபடர்ந்த காட்டில் அவனோடு மரத்துக்கு மரம் தாவும் அனுபவசாலி பீட்டர் 24 நிலைகளில் அசைகிறார். இருவரும் ஒரே காட்சியில், ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது இந்தக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. சிறுவன் தடுமாறுகிறான், பெரியவர் தேர்ந்தவர் என்பது மட்டும் நெஞ்சில் பட்டது. ஒரு வசனமும் இல்லாமல் அது எப்படிப் பட்டது என்று பிறகு படித்தபோது, இந்தத் தொழிலின் மேல் எனக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

இப்போது அந்தக் காட்சியை, அசைவைச் சீராக்கும் வசதியோடு பாருங்கள். ஒரே நிலையில் நிற்கும் 2 பிரேம்களுக்கு நடுவே நிரப்ப ஒன்றுமில்லை. ஆனால் மைல்ஸ் அடுத்த நிலைக்குத் தாவும் இடத்தில் மென்பொருள் தன் ஊகங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நின்று தாவியவன், நின்று வழுக்குகிறான். கலைஞர்கள் வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடத்தை, குறை என்று நினைத்து இயந்திரம் நிரப்பிவிடுகிறது. சிறுவனின் தடுமாற்றம் கதையிலிருந்து போய், ஏதோ கருவியின் கோளாறுபோல் தெரிகிறது. வெறும் பழக்கம் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த ஒரு காட்சிதான்.

படம் எடுப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. அதே 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு காணொளி வெளியிட்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில், தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களும் படநிறுவனங்களும் அங்கம் வகிக்கும் யுஎச்டி அலையன்ஸ் அமைப்பு ‘பிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒன்றை அறிவித்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் அசைவு நிரப்புதல், கூர்மையேற்றுதல் முதலியவை எல்லாம் விலகி, படம் எடுத்தவர் கொடுத்தபடி ஓடும். நல்ல ஏற்பாடு. ஆனால் மூலபாடத்தைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது, இடைச்செருகல் கேளாமலே கிடைக்கிறது என்ற வரிசை எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

சீரான அசைவே கூடாது என்பது என் கட்சி அல்ல. விளையாட்டு ஒளிபரப்பில் பந்து எங்கே போகிறது என்று தெரியவேண்டும். அங்கே கதைக்கான ஓரடித் தொலைவு யாருக்கு வேண்டும்? 2012இல் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ முதல் படத்தை நொடிக்கு 48 பிரேம்களாகவே எடுத்து வெளியிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஒப்பனையும் அரங்கமும் துருத்திக்கொண்டு நிற்பதாகப் பட்டது. இருந்தாலும் அது இயக்குநரின் முடிவு. நான் அதோடு சண்டை போடலாம், அவர் பெயரைச் சொல்லிக் குறை சொல்லலாம். அதேபோல, 2020இல் நெட்பிளிக்ஸ் படத்தின் வேகத்தை அரை மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்ததும், அதற்கு முந்தைய ஆண்டு சோதனையின்போதே இயக்குநர்கள் சிலர் கொதித்ததும் செய்திகளில் வந்தன. நான் படங்களை ஒருபோதும் விரைவுபடுத்திப் பார்ப்பதில்லை. ஆயினும் பொத்தானை அழுத்துபவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிகிறது. அந்த அறிவு இருக்கும்வரை அது பார்வையாளரின் உரிமை.

இந்த இடத்தில் நான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இணையத்தில் வரும் படம் எதுவுமே, எந்த வசதியை அணைத்தாலும், முழு மூலம் அல்ல. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு பிரேமில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால் பிரேம் ஒன்றுக்கு 6 மெகாபைட்டுக்கு மேல். 2 மணி நேரப் படத்துக்கு 1 டெராபைட்டைத் தாண்டும். நம் வீட்டுக்கு வந்து சேர்வது, நொடிக்கு 5 மெகாபிட் என்று கணக்கிட்டால், வெறும் 4.5 ஜிகாபைட். இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எப்படி முடிகிறது? எல்லாப் பிரேம்களும் முழுதாக அனுப்பப்படுவதில்லை. இடையிடையே சில மட்டும் முழுப் படமாக வரும். மற்றவை, முந்தைய பிரேமில் இருந்த இந்தக் கட்டத்தை இவ்வளவு தூரம் நகர்த்திக்கொள் என்ற குறிப்புகளாகவே வரும். சில பிரேம்கள் முன்னால் உள்ளதையும் பின்னால் வரப்போவதையும் பார்த்துக் கட்டப்படுகின்றன. இருட்டுக் காட்சிகளில் சுவரில் திட்டுத் திட்டாகப் பட்டைகள் தெரிகின்றனவே, அது இந்தச் சிக்கனத்தின் தழும்பு.

இதுவும் இட்டு நிரப்பும் வேலைதானே, அதைமட்டும் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை கிடைக்கச் சில நாட்கள் ஆயின. படத்தைச் சுருக்கும் மென்பொருளின் முன்னால் மூலம் இருக்கிறது. ஊகம் மூலத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று அது அளந்து பார்க்கிறது, அந்த வேறுபாட்டையும் முடிந்தவரை சேர்த்து அனுப்புகிறது. கையில் ஏடு வைத்துக்கொண்டு படி எடுப்பவரின் வேலை அது. தொலைக்காட்சி நொடிக்கு நொடி நிரப்பும் 96 பிரேம்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலமே கிடையாது. அவை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒன்றும் உண்டு. படச்சுருளில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோன்ற துகள் தெரியும். அது பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் சுருக்கும் மென்பொருளுக்குப் பெரும் தலைவலி. 2018இல் வெளிவந்த ஏவி1 என்ற முறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அனுப்பும் இடத்தில் துகளைத் துடைத்துவிட்டு, அதன் தன்மையை மட்டும் சில எண்களாகக் குறித்து அனுப்பலாம். வந்து சேரும் இடத்தில் கருவி அதே தன்மையுள்ள புதுத் துகளைத் தூவிக்கொள்ளும். அந்தத் துகள் அன்று படச்சுருளில் இருந்த துகள் அல்ல. ஆனால் துடைத்துவிட்டு மெழுகுபோல் காட்டுவதைவிட இது எடுத்தவரின் மனத்துக்கு அருகில் இருக்கிறது. இதை ஏற்பதா வேண்டாமா என்பதில் என் மனம் இன்னும் ஊசலாடுகிறது.

இதுவரை சொன்னவை படத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருள்கள். படத்தையே மென்பொருள்போல் நடத்துவது இன்னொரு பெரிய மாற்றம். 1988இல் ஜார்ஜ் லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில், கறுப்புவெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதையும் படங்களைப் பிறகு மாற்றுவதையும் எதிர்த்துச் சாட்சியம் அளித்தார். 1997இல் அவரே தம் 1977 ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கணினிக் காட்சிகளைச் சேர்த்துப் புதுப் பதிப்பாக வெளியிட்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பழைய பதிப்பைத் தேடிய ரசிகர்களின் ஏக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2002இல் ‘ஈ.டி.’ படத்தை மீண்டும் வெளியிட்டபோது, காவலர்கள் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்து வாக்கி டாக்கிகளாக மாற்றினார். பிறகு அதற்காக வருந்தி, வட்டில் பழைய பதிப்பையே திரும்பக் கொண்டுவந்தார். நான் அவரை உயர்வாக நினைக்கும் காரணங்களில் அந்த வருத்தமும் ஒன்று. 2019 டிசம்பரில் ‘கேட்ஸ்’ வெளியான சில நாட்களிலேயே, காட்சி விளைவுகள் திருத்தப்பட்ட புதிய படி வருகிறது என்று திரையரங்குகளுக்குச் செய்தி போனது. டிக்கெட் வாங்கி முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் ஒரே பெயரில் வெவ்வேறு படிகளைப் பார்த்தார்கள். 2024இல் 1994ஆம் ஆண்டின் ‘ட்ரூ லைஸ்’ படம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் கூர்மையாக்கப்பட்டு 4கே வட்டாக வந்தபோது, முகங்கள் மெழுகாகிவிட்டன என்று பார்வையாளர்கள் பலர் முறையிட்டார்கள். தோலின் துளை எப்படி இருந்திருக்கும் என்று இயந்திரம் ஊகித்தது. இடைச்செருகல் காலத்தின் இடைவெளியைத் தாண்டி, முகத்துக்குள்ளும் இறங்கிவிட்டது.

புதிய மென்பொருள்களோடு புழங்கும் பழக்கம் இங்கேதான் எனக்குக் கைகொடுத்தது. மென்பொருள் உலகில் மாற்றம் என்பது அன்றாடம். நான் நாள்தோறும் பயன்படுத்திவந்த ஒரு படத்தொகுப்புச் செயலி, ஓர் இரவில் தானாகவே புதுப்பித்துக்கொண்டு, கைப்பழக்கத்தில் இருந்த பொத்தான்களையெல்லாம் இடம் மாற்றிவைத்தது. பாதி வேலையில் இருந்த நான் அன்று முழுவதும் எதை எங்கே வைத்தார்கள் என்று துழாவிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் உண்மை. ஆனால் அதே செயலியில் பதிப்பு எண் இருந்தது. இந்தப் பதிப்பில் இவையெல்லாம் மாறியிருக்கின்றன என்ற பட்டியலும் இருந்தது. பழைய பதிப்பைத் திரும்ப நிறுவவும் முடிந்தது. நேற்றிருந்த நிரலுக்கும் இன்றிருக்கும் நிரலுக்கும் எந்த வரியில் வேறுபாடு, யார் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்று வரிவரியாகக் குறித்துவைக்கும் முறையை நிரலாளர்கள் வளர்த்திருக்கிறார்கள். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்த பதிப்பாசிரியர்களின் நாணயத்துக்கு நிகரானது இது. திரைப்படம் மென்பொருளிடமிருந்து மாற்றிக்கொண்டே இருக்கும் வழக்கத்தை வாங்கிக்கொண்டது. மாற்றத்தைக் குறித்துவைக்கும் வழக்கத்தை ஏன் வாங்கவில்லை? படத்தின் தொடக்கத்தில் ஒரு பதிப்பு எண், எது மாறியது என்று நான்கு வரி, பழைய பதிப்பும் பக்கத்திலேயே. இதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை நான் நிறுவியதும் ஒரு படத்தால்தான். லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸின் ‘ஃப்ளோ’ என்ற 2024ஆம் ஆண்டுப் படம். வெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரு பூனையின் பயணம். படம் முழுவதும் ஒரு வசனம் கிடையாது. 2025 மார்ச்சில் அதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அது முழுக்க பிளெண்டரில் உருவானது என்ற செய்தியும் பரவியது. இந்த மென்பொருளின் கதையும் எனக்குப் பிடித்தமானது. டோன் ரோசன்டால் உருவாக்கிய அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. 1,00,000 யூரோ கொடுத்தால் நிரலை விடுவிக்கலாம் என்ற நிலை வந்தபோது, பயனர்கள் கூடி ஏழே வாரத்தில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 13 முதல் அது யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் பெரிய மாற்றங்கள் செய்தார்கள். அதுவரை பொருள்களைத் தேர்ந்தெடுக்கச் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தவேண்டும், இனி இடப் பொத்தான் என்றார்கள். ஆனால் முதல் முறை திறக்கும்போதே, உனக்கு இடமா வலமா என்று கேட்கும்படி வைத்தார்கள். பழகிய கைகளுக்குக் காட்டிய அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

திறந்ததும் நடுவில் ஒரு கனசதுரம், பக்கத்தில் ஒரு விளக்கு, ஒரு கேமரா. காலவேகம் நொடிக்கு 24 பிரேம் என்று தானாகவே அமைந்திருந்தது. அதைப் பார்த்ததும் பழைய நண்பரைக் கண்டதுபோல் இருந்தது. கனசதுரத்தை நீக்கிவிட்டு ஒரு பந்தை வைத்தேன். அனிமேஷன் கற்பவர் எவரும் முதலில் செய்வது பந்து குதிக்கும் பயிற்சிதான். முதல் பிரேமில் பந்து உயரத்தில். 12ஆவது பிரேமில் தரையில். 24ஆவதில் மறுபடி உயரத்தில். நான் வைத்தது 3 நிலைகள். மீதி 21 பிரேம்களையும் மென்பொருள் நிரப்பியது. நான் திட்டிக்கொண்டிருந்த அதே இடைச்செருகலை இப்போது நானே ஏவியிருந்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். பந்து தண்ணீருக்குள் விழுவதுபோல் விழுந்தது. தரைக்கு அருகில் வந்ததும் தயங்கி, மெல்லத் தொட்டு, மெல்லக் கிளம்பியது. காரணம், பிளெண்டர் இரு நிலைகளையும் வளைகோட்டால் இணைக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக வந்து சேர்வதே அதன் இயல்பு. உச்சியில் அது சரி, எறிந்த பந்து உச்சியில் தயங்கத்தான் செய்யும். தரையில் தயங்கக் கூடாது. கோட்டு வரைபடத்தைத் திறந்து, அடியில் கிண்ணம்போல் வளைந்திருந்த கோட்டை உடைத்து ஆப்புபோல் கூராக்கினேன். மறுபடி ஓட்டினேன். பந்து தரையில் மோதி எழுந்தது. நிரப்பிய 21 பிரேம்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று முடிவுசெய்ய என்னால் முடிந்தது. பிறகு மைல்ஸை நினைத்துக்கொண்டு, நிலைகளை இரண்டிரண்டு பிரேம்களாக நிறுத்தினேன். அந்தப் பந்துக்கு ஒரு குழந்தைத்தனமான தயக்கம் வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தச் சிறு காணொளியைத் தொலைக்காட்சியில் போட்டு, அணைத்துவைத்திருந்த வசதியை வேண்டுமென்றே இயக்கினேன். திரையில் ஓடியதைக் கைப்பேசியில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பந்து மேலே இருந்தது. நான் வைத்த இடம். பந்து கீழே இருந்தது. அதுவும் நான் வைத்த இடம். இரண்டுக்கும் நடுவே, மிக வேகமாக விழுந்த அந்தப் பகுதியில், மென்பொருளின் ஊகம் எட்டாமல் போய், பாதி கரைந்த 2 பந்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அவற்றை நான் வைக்கவில்லை, பிளெண்டரும் வைக்கவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தேன். அமைப்புகள், நான்கு அடுக்கு உள்ளே.